அக்கரையிலிருந்து கேட்ட சொல்

யுத்தம் முடிந்துவிட்டது, ரேஷன் மட்டும் முடியவில்லை என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த வருஷம் அது. புரட்டாசிக் கடைசி, தசரா லீவு. எனக்குப் பதினைந்து வயது. சென்னையிலிருந்து எங்களை ரயிலேற்றித் திருத்தணிக்கு ஒரு முகாமுக்கு அழைத்துப் போனார்கள்.

பட்டணத்துப் பையன்கள் டிராமும் சினிமாவுமாகக் கெட்டுப்போகிறார்கள், வெட்டவெளியில் கொண்டுபோய் விட்டால்தான் நாளைக்கு நாட்டை நடத்தும் தலைவர்கள் ஆவார்கள் என்று ஒரு சங்கத்தாருக்குத் தோன்றிவிட்டது. பல பள்ளிக்கூடங்களிலிருந்து பையன்களைப் பொறுக்கி எடுத்தார்கள். எனக்குத் தலைவனாகும் ஆசையெல்லாம் சத்தியமாகக் கிடையாது. வீட்டில் ஒரு வாய் குறைந்தால் அரிசி இன்னும் கொஞ்ச நாள் வரும் என்று அம்மா அனுப்பிவைத்தாள்.

ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் கூடாரம் போட்டிருந்தார்கள். காக்கி நிக்கர், கழுத்தில் மஞ்சள் துணி, கையில் மூங்கில் கழி. எழுந்திருக்க விசில், குளிக்க விசில், கஞ்சிக்கு விசில், படுக்க விசில். கேழ்வரகுக் கஞ்சி தினமும் தவறாமல் அடிப்பிடிக்கும். வழி தப்பினால் கோயில் மலையைப் பார்த்து நடங்கள் என்பார் மாஸ்டர். ஆறு ஆறு பேராக அணி பிரித்து, அணியில் தினம் ஒருவன் தலைவன். அன்றைக்கு அவன் சொன்னால் மறுபேச்சு கூடாது. அதே மாதிரி, தெரியாத இடத்தில் முதல் அடி தலைவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். முகாமின் பெரிய சட்டங்கள் இந்த இரண்டும்தான்.

என் அணியில் என் வகுப்புத் தோழன் ஒருவன் இருந்தான். அவன் அப்பா சென்னையில் ஒரு தெலுங்குக்காரரின் துணிக்கடையில் வாசலில் நிற்கிறவர். தெருவோடு போகிறவர்களைக் கடைக்குள் கூப்பிடுவதுதான் அவருக்கு வேலை. கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை, "ரண்டி ரண்டி, வாங்க வாங்க!" என்று நின்றபடி கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். தெலுங்கில் ரண்டி என்றால் வாருங்கள் என்று அர்த்தம். பட்டாணி தெறிக்கிற மாதிரி வெடுக் வெடுக்கென்று சொல்வார்.

வக்கீல் பிள்ளைகளும் டாக்டர் பிள்ளைகளுமாக இருந்த முகாமில் இதை எவனோ கண்டுபிடித்துவிட்டான். அப்புறம் கேட்க வேண்டுமா? என் தோழனைப் பார்க்கும்போதெல்லாம் "ரண்டி ரண்டி" என்று ஒரே கேலி. அவன் கோபிக்கவே மாட்டான். அவனே கைகூப்பி, அப்பா மாதிரியே சொல்லிக்காட்டிச் சிரிக்க வைத்துவிடுவான். ஆனால் கஞ்சிப் பாத்திரம் தேய்க்கும்போது என்னிடம் மட்டும் சொன்னான். "என் நாள் வரட்டும்டா. நம்ம அணிதான் முதல்ல வந்து சேரணும். கடைசி நாள் விழாவுக்கு எங்கப்பா லீவு கேட்டிருக்காரு. கொடி நான்தான் பிடிக்கணும்." எந்த அணி முதலில் திரும்புகிறதோ அதன் தலைவன் விழாவில் கொடி பிடிக்கலாம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

அவன் நாளும் வந்தது. ஆற்றைத் தாண்டிப் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய், அந்த ஊர் ஏரியைப் படம் வரைந்துகொண்டு, சாயங்காலம் கொடி இறக்குவதற்குள் திரும்ப வேண்டும். மாஸ்டர் கூட வரமாட்டார். காலையில் ஆற்றில் வெறும் மணல்தான். கால் சுடுகிறது என்று குதித்துக்கொண்டே தாண்டினோம். அவன் அன்றைக்கு எவ்வளவு நன்றாக நடத்தினான் தெரியுமா! குதிகாலில் கொப்புளம் வந்தவனின் பையைத் தான் தூக்கிக்கொண்டான். எங்களையெல்லாம் சாப்பிட வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிட்டான். டாக்டர் பிள்ளைகூட அன்று அவனைக் கேலி செய்யவில்லை.

திரும்பி வரும்போது ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் தலைமேல் நல்ல வெயில். மேற்கே ஆந்திர மலைகளின் மேல்தான் கருகருவென்று மழை கட்டியிருந்தது. அங்கே பெய்தால் இங்கே ஆறு வரும் என்பது பட்டணத்துப் பையன்களுக்கு எங்கே தெரியும்? குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. செம்மண் கலங்கிய தண்ணீர், பார்வைக்கு முழங்கால் ஆழம் இருக்கும். எதிரே மலைக்கோயில் தெரிகிறது. சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அக்கரையில் ஒருவர் எருமைகளை அவசர அவசரமாக மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கரையில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். உள்ளங்கை கீழே பார்க்க ஆட்டினார். நம் ஊரில் ஆளை வா என்று கூப்பிடுவதும் அப்படித்தானே? ஏதோ கத்தினார். தண்ணீர் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது.

"ரண்டின்றாரு" என்றான் என் தோழன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "வரச் சொல்றாருடா. ஆழம் இல்லேன்னு அர்த்தம்."

எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஐந்து பேருக்கும் அப்படித்தான் கேட்டது. தலைவன் முதல் அடி வைத்தான். பின்னால் நான். நடு ஆற்றுக்குப் போனதும் கழியை ஊன்றி நின்று எங்கள் பக்கம் திரும்பினான். தண்ணீர் அவன் தொடைக்கு வந்திருந்தது. ஒரு கையை நெஞ்சில் வைத்து, அப்பா மாதிரியே, "ரண்டி ரண்டி, வாங்க வாங்க!" என்றான். நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, என்ன செய்ய?

மரம் முறிகிற மாதிரி, ஆறு வருகிற பக்கத்தில் ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் தண்ணீர் சுவர் மாதிரி வந்தது. என் காலுக்குக் கீழே மணல் கரைந்து ஓடியது. அக்கரை மனிதர் வேட்டியோடு பாய்ந்தார். என் தோழனை நோக்கித்தான் பாய்ந்தார். அவர் கைக்கு அவன் கழி மட்டும்தான் சிக்கியது. அதற்குமேல் அவனை நான் பார்க்கவில்லை. வெள்ளம் அவரை என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. என் கழுத்துத் துணியைக் கொத்தாகப் பிடித்து, மூச்சு முட்ட இழுத்து, நாணல் புதர் ஓரம் கரையில் எறிந்தார். மற்ற நாலு பேரும் கரையோரத்திலேயே நின்றதால் தப்பித்தார்கள். அவர் மறுபடி ஓடினார். கரையோடு கத்திக்கொண்டே, இருட்டும்வரை ஓடினார்.

மறுநாள் விடிந்த பிறகுதான் உடல் கிடைத்தது. கீழே வெகுதூரத்தில், கருவேல முள்ளில் மஞ்சள் துணி சிக்கி நின்றிருந்தது.

அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. மாஸ்டர் முந்திக்கொண்டு போய் நின்றார். பட்டணத்துக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. எருமைக்காரர் கூப்பிட்டதால்தான் பையன்கள் இறங்கினார்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். வெள்ளக் காலத்தில் ஆளை அக்கரைக்குத் தூக்கிவிட்டுக் காசு வாங்குகிறவர்கள் உண்டாம். அந்த ஆசையில் கூப்பிட்டிருப்பான் என்று கூட்டத்தில் ஒருவர் எடுத்துக்கொடுத்தார். ஐந்து பையன்களையும் தனித்தனியாக விசாரித்தார்கள். அவர் என்னைக் காப்பாற்றினார் என்று சொன்னேன். "அதிருக்கட்டும், ரண்டின்னு கூப்பிட்டானா இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு அப்படித்தான் கேட்டது சார் என்றேன். கேட்டதைத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்ததும் என் உயிரைக் காப்பாற்றியவரின் கையில் நானே விலங்கு மாட்டுகிற மாதிரி இருந்தது.

அவர் ஒரு கான்ஸ்டபிளின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கை முழுக்க முள் கீறல். அவர் பெண்சாதி சற்றுத் தள்ளி நின்று, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "எருமைய ஓட்டிகினு இருந்தேனுங்க. ராகண்டி, ராகண்டின்னுதான் கத்தினேனுங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ராகண்டி என்றால் வராதீர்கள். நடுவில் ஓர் எழுத்துத்தான் கூடுதல்.

"தமிழ் தெரியுமில்ல? ஏன் தெலுங்குல கத்தினே?" என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

"ஆங், தெரியுங்க. பயத்துல வூட்டு பாஷதானுங்க வாயில வந்துச்சி."

யாரும் நம்பவில்லை. இப்போது மாற்றிப் பேசுகிறான் என்றார்கள்.

தந்தி கிடைத்துக் காலை ரயிலில் என் தோழனின் அப்பா வந்தார். கடையில் நிற்கும்போது போடுகிற அதே வெள்ளைச் சட்டை. மகன் முகத்தைத் துணி விலக்கிப் பார்த்தார். குனிந்து அவன் தலையில் ஒட்டியிருந்த மணலை விரலால் தட்டிவிட்டார், தட்டிக்கொண்டே இருந்தார். மாஸ்டர் அவர் தோளைத் தொட்டு, உங்கள் பிள்ளை தலைவனாக முன்னால் நின்று உயிரை விட்டான், சங்கம் அவனை மறக்காது, அவனை ஆற்றில் இறக்கின பாவி இதோ உட்கார்ந்திருக்கிறான் என்றார்.

தோழனின் அப்பா எழுந்து போன வேகத்தைப் பார்த்து, அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தோம். எருமைக்காரரும் அப்படி நினைத்துத்தான் தலையைக் கொடுத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அப்பா அவர் எதிரே உட்கார்ந்து தெலுங்கில் ஏதோ கேட்டார். "ராகண்டி" என்று அழுதார் அவர். வேறு வார்த்தையே வரவில்லை.

அப்பா எங்கள் பக்கம் திரும்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீ கேட்டது எப்படிக் கேட்டுச்சோ, அதே மாதிரி கத்திக் காட்டுப்பா."

நான் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றை நினைத்துக் கத்தினேன். "ரா... ண்டி! ரா... ண்டி!"

கத்தும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் எழுத்தை நான் நீட்டுகிறேன். நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்த எழுத்தைத் தண்ணீர் முழுங்கிவிட்டிருக்கிறது.

அப்பா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது அவர் முகம் வேறு மனிதரின் முகமாக இருந்தது. எழுந்து இன்ஸ்பெக்டரிடம் போனார். "எழுதிக்குங்க சார். இவரு கூப்பிடல. ரண்டின்னா இப்படி இழுக்க வராது. பொழுதன்னிக்கும் அதச் சொல்லித்தான் நான் சோறு திங்கறேன். இவரு வராதீங்கன்னுதான் சொல்லியிருக்காரு. என் பையன் தப்பா கேட்டுட்டான்."

மாஸ்டர் பதறிப்போய் அவரைத் தனியாக இழுத்தார். அப்படி எழுதினால் அவசரப்பட்டு அணியையே ஆற்றில் இறக்கியவன் என்று பையன் பெயர் கெட்டுவிடும், யோசியுங்கள் என்றார். பாவம், அதில் அவர் நன்மைதான் நினைத்தாரோ, தன்னைத்தான் நினைத்தாரோ, எனக்குத் தெரியாது.

"கெட்டா கெடட்டும் சார்" என்றார் அப்பா. "அவன் போய்ட்டான். இந்த மனுஷன் வூட்டுக்குப் போகணும்." பிறகு, யாரிடமும் இல்லாமல், "அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்குத் தெரியும். எங்கிட்டதான் கத்துக்கினான்" என்றார்.

மாலைக்குள் எருமைக்காரரை விட்டுவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. தன் வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து, உடலைத் தானே தூக்கிவைத்து, சுடுகாடு வரை மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்பா வண்டியின் அந்தப் பக்கம் நடந்தார். கொள்ளி வைத்துத் திரும்பியபோது எருமைக்காரர் அந்த மூங்கில் கழியைக் கொண்டுவந்து நீட்டினார். அப்பா அதை வாங்கிக்கொண்டார். முகாமை மறுநாளே கலைத்துவிட்டார்கள். விழாவும் இல்லை, கொடியும் இல்லை.

தைப் பொங்கல் சமயம் அந்தத் துணிக்கடை வழியாகப் போனேன். நல்ல கூட்டம். அப்பா வாசலில் அதே வெள்ளைச் சட்டையோடு நின்று, "வாங்க வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தெலுங்குக் குடும்பம் பேசிக்கொண்டே வந்தது. அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, கையை மட்டும் கூப்பினார். அவர்கள் பக்கத்துக் கடைக்குள் போய்விட்டார்கள். உள்ளேயிருந்து முதலாளி சத்தம் போடுவது கேட்டது. என்னைப் பார்த்ததும் படியிறங்கி வந்து, "சாப்டியாப்பா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். அடுத்த முறை போனபோது வாசலில் வேறு ஆள் இருந்தார். இவரை உள்ளே துணி மடிக்கப் போட்டுவிட்டார்களாம்.

பின்னால் நானும் ஒரு பட்டறையில் நாலு பேரை வேலை வாங்கும் ஆளானேன். தூரத்திலிருந்து யாராவது எதையாவது கத்தினால், எல்லோரையும் அப்படியே நிறுத்திவிட்டு, கிட்டே போய் இன்னொரு தரம் கேட்டுவிட்டு வருவேன். அதனால் வேலை தாமதமாகும். முதுகுக்குப் பின்னால் எனக்குச் செவிட்டு மேஸ்திரி என்று பெயர். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். காதில் விழாமல் போன ஓர் எழுத்தைத் தேடி எடுத்து, செத்துப்போன தன் பிள்ளையின் நல்ல பெயரையே அதற்கு விலையாகக் கொடுத்துவிட்டு நின்ற ஒரு தகப்பனை நான் பார்த்திருக்கிறேன்.