சுராயாவின் கரிக்கோடுகள்

சுராயாவின் வயிற்றைத் தெருவே பேசும்படி செய்தவன் அவள் கொழுந்தன் கியாசுதீன். செங்கல்பட்டு கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தான். அவள் கடப்பாக்கத்திலிருந்து எங்கள் எதிர் வீட்டுக்கு வாழ வந்தவள். குடல் முறுக்கி, நாளுக்கு ஆறு தரம் கொல்லைக்கு ஓடுவாள். எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. எழுபத்தொன்பதாம் வருஷ ரமலானில் பாதி நோன்பை விட்டுவிட்டாள். நோன்புக் கஞ்சி வாங்க நாங்கள் தூக்குச்சட்டியோடு நின்ற கூட்டத்தில் அவன் கத்தினான்: "எங்க அண்ணிக்கு வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நோன்புக்கு பயந்துகினு நடிக்கிது!"

கேட்ட எனக்கே இன்னும் எரிகிறது. அவளுக்கு எரியாதா?

வருஷக் கடைசியில் அவளைப் பார்த்துவந்த டாக்டர் ஒரு சேதி சொன்னார். சீமையில் இந்த நோய்க்காரர்களுக்குப் புதினா எண்ணெய்க் குளிகையும் வெறும் குளிகையும், எது எதுவென்று சொல்லாமல் மாற்றிக் கொடுத்தார்களாம். எண்ணெய்க் குளிகையில் வலி குறைந்ததாம். கொஞ்சம் பேரிடம்தான் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

கியாசுதீன் சிரித்தான். "புதினா எண்ணெ என் கடையிலயே கீதே! அத குடிச்சிட்டு நெஞ்செரியுதுன்னு பேஜார் பண்ணியே அண்ணி?"

"இது குடலுக்குப் போயி கரையற குளிகை, தம்பி. எனக்கும் அதே மாதிரி மாத்திக் குடுத்துப் பாக்கட்டும், பந்தயம். நான் தோத்தா கடப்பாக்கத்துக்கே போயிடறேன். நீ தோத்தா?"

"கஞ்சி கூட்டத்துல சொன்னத அங்கியே வாபஸ் வாங்கறேன், போ!"

டாக்டர் சிவப்பு மூடிப் புட்டி ஒன்று, வெள்ளை மூடிப் புட்டி ஒன்று தந்தார். ஒன்றில் புதினா, இன்னொன்றில் கடலை எண்ணெய். எதில் எது என்பது அவரிடம் ஒட்டிய உறையில். ஒவ்வொன்றும் இரண்டு வாரம். வலி வந்த நாளெல்லாம் சமையலறைச் சுவரில் ஒரு கரிக்கோடு. அவன் தினமும் வந்து எண்ணிவிட்டுப் போனான். சிவப்புக்குப் பதினொன்று. வெள்ளைக்கு நான்கு. உறையைப் பிரித்தால், வெள்ளைதான் புதினா.

"குருட்டாம்போக்குல அடிச்சிது," என்றான்.

"அப்ப மறுபடியும் வையி," என்றாள்.

டாக்டர் இந்த முறை மூடிகளை எப்படி வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. சிவப்புக்கு மூன்று, வெள்ளைக்குப் பத்து. உறையைப் பிரித்தால், இந்தத் தரம் சிவப்புதான் புதினா. வலி அடியோடு போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நடிக்கிறவளுக்கு எந்தப் புட்டியில் எது என்று எப்படித் தெரியும்?

அடுத்த ரமலானில் அதே கூட்டம். சொன்னதை வாபஸ் வாங்குவதாக அவன் வாய்க்குள் முணுமுணுத்தான்.

"போன வருசம் தெரு முனை வரைக்கும் கேட்டுச்சே தம்பி, இப்ப தொண்டையில இன்னா?"

கத்திச் சொன்னான். அவள் கஞ்சியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். அந்தச் சுவருக்கு இன்றுவரை சுண்ணாம்பு கிடையாது. கியாசுதீன் வந்தால், அந்தக் கோடுகளைப் பார்க்க உட்காரவைத்துத்தான் டீ கொடுக்கிறாள்.