நெற்றி தரையைத் தொடும் வரை

எல்லாத் தொழிலிலும் வாடிக்கையாளர் பொய் சொல்லித் தப்பலாம். எங்கள் தொழிலில் அவர் வாயைத் திறப்பதற்குள் ரத்தம் உண்மையைச் சொல்லிவிடும். மேலப்பாளையத்தில் வயதான சர்க்கரைக்காரர்களுக்கு உடற்பயிற்சியும் சாப்பாட்டுப் பாடமும் சேர்த்து நடத்துகிறேன். எனக்கும் சர்க்கரை உண்டு. ஆகவே, சீனி போட்ட டீயைக் குடித்துவிட்டுக் குடிக்காத முகம் காட்டும் என் இனத்தாரே, கேளுங்கள்.

பனையில் வருவது

மும்தாஜ் பீவி வாழ்நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றியவர். இப்போது உடம்பு கனத்து, முட்டு மடங்காமல், நாற்காலியில்தான் தொழுகை. முதல் நாளே என்னிடம் கேட்டது ஒன்றுதான்: வரும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நெற்றியைத் தரையில் வைத்துத் தொழ வேண்டும். முடியும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பார்ப்போம் என்றேன்.

கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியை மற்றவர்கள் முனகிக்கொண்டு செய்தார்கள்; இவர் கேட்டு வாங்கிச் செய்தார். சர்க்கரை மட்டும் இறங்குவேனா என்றது. ஒரு நாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தால், களைப்புத் தீர பிளாஸ்கிலிருந்து கருப்பட்டிக் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறார்! நான் தலையில் கை வைத்தேன். அவருக்கோ ஆச்சரியம்: "சீனியத்தான டீச்சரே வேண்டாம்னு சொன்னிய? இது பனையில இருந்துல்லா வருது!"

ஒரே தட்டு

கருப்பட்டி போனது, சர்க்கரை இறங்கத் தொடங்கியது. அடுத்த பாடம், பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு, மீதி மீனோ பருப்போ. படம் வரைந்து பெருமையாக விளக்கினேன்.

அந்த வாரமே காயல்பட்டினத்தில் பீவியின் தங்கை வீட்டுக் கல்யாணம். என்னையும் அழைத்துப் போனார். அங்கே விருந்தில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பீவிக்காகச் சஹனை மேசைமேல் வைத்தார்கள். அவர், தங்கை, நான். நெய்ச்சோறு குவிந்து கிடந்தது. என் படம் அங்கே செல்லாது என்று புரிந்துவிட்டது. பீவி சோற்றில் விரலால் ஒரு கோடு கிழித்து, தன் பங்கு அதற்குள்தான் என்றார். கல்யாண வீட்டில் இப்படிச் செய்தால் தங்கையின் மனம் கோணாதா? தங்கை அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு தன் பக்கமும் ஒரு கோடு கிழித்தார். "என்ன பாக்கிய? எனக்கும்தான் சர்க்கரை இருக்கு. இத்தன நாளும் சொல்லத்தான் வெக்கம்."

தரை

பெருநாளுக்கு முந்தைய வகுப்பில் பீவி நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். விரிப்பை விரித்து, பைய முட்டுக் குத்தி, குனிந்தார். நெற்றி தரையைத் தொட்டது. நான் கற்றுக்கொடுத்தது நாற்காலியிலிருந்து எழுவதை மட்டும்தான். மிச்சத்தை வீட்டில் தாமாகவே பழகியிருக்கிறார்.

ஆனால் தலை நிமிரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கி மயங்கிவிட்டாரோ என்று பதறி ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள், யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றார். அவர் சிரித்தார்: "பயந்துட்டியளோ டீச்சரே? எந்திரிக்க முடியாமலா கெடந்தேன்? இத்தன வருசம் கழிச்சு வந்திருக்கேன், வந்ததும் எந்திரிச்சுப் போனா அல்லா என்ன நெனப்பான்!"

அன்று வீட்டுக்குப் போய் நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்கக் கதவைப் பிடிக்க வேண்டியிருந்தது.