ஜோனத்தானைச் சேர்க்க மறுத்த ஆல்வின்

ஆல்வினை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஒரு காரணத்தால்தான் அன்றைக்கு அவன் என் வாயிலிருந்து உயிரோடு தப்பினான்.

சேலையூரில் எங்கள் தெருவுக்கு வந்து போகிற பர்சனல் ட்ரெய்னர் அவன். வீடு மாடம்பாக்கத்தில். முன்பு கேளம்பாக்கத்தில் ஒரு ஜிம்மில் இருந்தான். அங்கே வருகிறவர்களுக்குக் கண்ணாடி முன்னால் நின்று போட்டோ எடுக்கவே நேரம் சரியாக இருந்ததாம். விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் ஒரு பாயையும் நாலு ரப்பர் பட்டையையும் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கற்றுக்கொடுக்கிறான்.

எங்கள் சர்ச் சபையில் பாதிப் பேர் அவனிடம்தான். சாம்பல் புதன் வந்தால் போதும், ஈஸ்டர் வரைக்கும் நீளும் லெந்து நோன்புக்காக ஒருத்தர் கறியை விடுவார், ஒருத்தர் காபியை விடுவார், மீதிப் பேர் சோம்பலை விடுவார்கள். உபவாசம் மாதிரி உடற்பயிற்சியும் கடவுளுக்கு நேர்ந்துகொள்கிற ஒரு பொருத்தனை. ஈஸ்டர் காலையில் கல்லறை திறந்ததோ இல்லையோ, இவர்கள் பொருத்தனை தீர்ந்துவிடும். போன வருஷம் ஈஸ்டர் திங்களன்று பாயோடு வந்த ஆல்வினுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த மட்டன் பிரியாணியைச் சாப்பிட்டான்.

"ஒருத்தராச்சும் கண்டினியூ பண்ணுவாங்கன்னு பார்த்தேன் ஆன்ட்டி" என்றான். பாவமாக இருந்தது.

இந்த வருஷம் சிக்கல் என் வீட்டுக்காரருக்கு. ஜோனத்தான் காலமெல்லாம் ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்துவிட்டு ரிட்டயர் ஆனவர். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. "ஈஸ்டர் முடிஞ்சதும் டெஸ்ட் எடுப்போம். அதுக்குள்ள உடம்பை அசைக்கலன்னா ஊசிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவருடைய அண்ணன் ஆரோனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது அவருக்கு இடது காலில் இரண்டு விரல் கிடையாது. ஊசி என்றதும் இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இந்த மனுஷன் முழுசாக வேண்டும்.

சாம்பல் புதனன்றே ஆல்வினைக் கூப்பிட்டேன். இவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "இந்த லெந்து முழுக்க எக்சர்சைஸ்தான்!" என்று முழங்கினார்.

"சாரி சார். லெந்துல உங்கள சேத்துக்க மாட்டேன்" என்றான் ஆல்வின். "ஈஸ்டரோட முடிச்சுக்குவீங்க. ஈஸ்டர் திங்கக்கிழமை, பிரியாணி துன்னுட்டு ஸ்டார்ட் பண்லாம்."

எனக்கு வந்ததே கோபம்! ஊசி வாசலில் நிற்கிறது, இவன் பிரியாணிக்கு நாள் குறிக்கிறான். "ஏம்ப்பா, உனக்கு என்ன கொழுப்பா?" என்று பொரிந்து தள்ளிவிட்டேன். அவனோ காதில் வாங்காமல் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. டேங்க் நிரம்பி, குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிற்று.

"இன்னா சார், டெய்லி இப்டித்தான் வழியுதா?"

தண்ணீர் வீணானால் ஜோனத்தானுக்கு நெஞ்சை அடைத்துவிடும். வெயில் ஏறினால் எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான் கதி. "வழிஞ்சாத்தானே ரொம்பிடுச்சுன்னு தெரியும்?" என்றார் பரிதாபமாக.

"மேல ஏறி மூடியத் தொறந்து பார்த்தா முன்னாடியே ஆஃப் பண்ணிடலாமே? ரெண்டு மாடிதான சார்."

மறுநாளே கூத்து ஆரம்பித்தது. மோட்டாரைப் போட்டதும் இவர் மாடி ஏறுவார். "பாதிதான்" என்று இறங்குவார். மனசு கேட்காது, மறுபடியும் ஏறுவார். காலையிலும் இதே, சாயங்காலமும் இதே. ஆரம்பத்தில் முதல் மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். போகப் போக அந்த நிறுத்தம் போய்விட்டது. ஆல்வின் தெருவில் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பான்.

"வழிஞ்சுதா சார்?"

"ஒரு சொட்டு இல்ல!"

உடற்பயிற்சி என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை. அவன் சூழ்ச்சி அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நானும் வாயை மூடிக்கொண்டு, சோற்றை மட்டும் குறைத்தேன்.

ஈஸ்டர் வந்தது. சபையே பொருத்தனையை முடித்துக்கொண்டு கதவைச் சாத்தியது. திங்கட்கிழமை ஆல்வின் பாயோடு வந்து, "ஆரம்பிக்கலாமா சார்?" என்றான். "எனக்கு எங்கப்பா நேரம்? டேங்க் பார்க்கணும்" என்று இவர் படியேறிவிட்டார். டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், "பரவாயில்லையே, ஊசி இப்போதைக்கு வேணாம். என்ன பண்றீங்களோ அதை விட்டுடாதீங்க" என்றார்.

அந்த வாரமே வந்தது வினை. ஊரப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் மகள் ஆஷா, அப்பா படியேறிக் கஷ்டப்படுகிறாரே என்று, டேங்க் நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்திவிடும் சென்சாரை வாங்கி, ஆள் அனுப்பி மாட்டியும் விட்டாள். பாசக்காரி! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆல்வினுக்கு போன் போட்டேன்.

"பேஜாராப் போச்சே ஆன்ட்டி" என்று ஓடி வந்தான்.

ஜோனத்தான் மோட்டாரைப் போட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்தார். ஆல்வின் முகம் தொங்கிப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் மோட்டார் தானாகவே நின்றது. இவர் பேப்பரை மடித்தார். அண்ணாந்து பார்த்தார். எழுந்தார்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"மெஷினை எல்லாம் நம்ப முடியுமா டெபோரா? நெஜமாவே ரொம்பிச்சான்னு பார்த்துட்டு வர்றேன்."

செருப்புச் சத்தம் முதல் மாடியைத் தாண்டி மேலே போனது. நான் ஆல்வினின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒருத்தர் கெடச்சிட்டாரு ஆன்ட்டி" என்றான் அவன். "ஆனா என்கிட்ட அவரு சேரவே இல்லையே!"

மொட்டை மாடியிலிருந்து ஜோனத்தானின் குரல் வந்தது.

"ஆல்வின்! நாலு விரக்கடை கொறையுதுப்பா! இத டெய்லி வந்து பார்த்தாத்தான் ஆகும்!"