டொயில் என்ற குடும்பப் பெயர்

என் மனைவிக்கு இதய அறுவை செய்யவிருந்த மருத்துவரின் குடும்பப் பெயர் டொயில். புதிதாக ஒருவரைச் சந்தித்தால் எந்த ஊர், யாருடைய ஆள் என்று விசாரிப்பது எங்கள் வழக்கம். அவரிடம் கேட்கத் துணிவில்லாமல், அறுவைக்கு முதல் நாள் மாலை சிட்னியில் நார்த்மீட் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் இருந்தபடி அந்தப் பெயரைப் பற்றி வாசித்தேன். 'கறுத்த அந்நியன்' என்று பொருள்படும் பழைய ஐரிஷ் பெயர் அது. கடல்வழியே வந்த வைக்கிங்குகளை அப்படி அழைத்தார்களாம். அயர்லாந்தின் தென்கிழக்கில் டொயில்கள் இன்றும் அதிகம். பிற்காலத்தில் கப்பலேறியவர்களால் சிட்னியிலும் மெல்பேர்னிலும் பெருகியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை மருத்துவமனையில் இதைச் சொன்னபோது மனைவி சிரித்தாள்.

"என்னப்பா, டொக்டருக்குக் கலியாணம் பேசப் போறியளே? மனுசன் நல்லா வெட்டித் தைப்பாரோ எண்டு பாத்தனீங்களே?"

அதை மட்டும் நான் பார்க்கவில்லை. எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று எங்காவது எழுதியிருக்கும் என்ற பயம்.

"போட்டு வாறன்" என்று விடைபெற்றாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிற்பகலில் நான் காத்திருந்த அறையின் கதவு திறந்தது. மருத்துவர் வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் காலில் போட்டிருந்த சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அவர் இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் நிமிர்ந்தேன்.