கூண்டில் வைத்த தயிர்சாதம்

கொண்டாப்பூரில் வேலை பார்க்கும் மகள், தன் இரண்டு கினிப் பன்றிகளையும் தார்நாகாவில் எங்களிடம் விட்டுவிட்டு வெளியூர் போயிருந்தாள். ஒன்று கிழடு, மற்றது அதை விட்டு நகராத சின்னது. நான் பார்க்காமல் பால்கனிக் கதவைச் சாத்தியதில் கிழட்டின் பின்னங்கால் நசுங்கிவிட்டது. இந்த வயதில் எலும்பு சேராது, ஏதாவது தின்றால் பார்க்கலாம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

புல்லையும் கொத்தமல்லியையும் அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கொடுப்பதைத்தான் கொடுத்தேன். தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் புகட்டினேன். விழுங்கியது. மனைவியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். மீதியைக் கிண்ணத்தோடு கூண்டிலேயே வைத்தேன்.

காலையில் கிழட்டின் வயிறு கல்லுபோல் உப்பியிருந்தது. மகளுக்கு போன் செய்தேன்.

"அப்பா, பால், தயிர் நக்கோ, குடுக்கவே கூடாதுன்னு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுத்தானே வந்தேன்! அதுங்களுக்கு ஜீரணமே ஆகாதுப்பா."

ஒட்டியிருந்தாள், கொட்டை எழுத்தில். அந்தக் காகிதத்துக்கு நேரே நின்றுதான் தயிரை எடுத்திருக்கிறேன், முட்டாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்தாலே கத்தும் சின்னது இன்று கத்தவில்லை. துணைக்காக வருந்துகிறது என்று நினைத்து, தடவிக் கொடுக்கக் கூண்டுக்குள் கையை விட்டேன்.

கிண்ணம் காலியாக இருந்தது.