சாடியிடம் விடைபெற்றது

பேய் என்று யாராவது வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் மனைவி வசந்தி வயிற்றுப் பிள்ளைக்குக் காவலாகக் கையில் கட்டிக்கொண்ட நூலைக்கூட, "உதென்ன, மாட்டுக்குக் கட்டின மாதிரி?" என்று நக்கலடித்தவன். பதினொரு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை, அதனால் அவள் பயந்தாள், நான் சிரித்தேன். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது.

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஓர் ஆய்வறையில் எனக்கு வேலை. கிரேக்க நாட்டில் ஒரு பழைய நகரத்தைத் தோண்டுகிறார்கள், ஒரு வீடு இடிய அதன் மேலேயே அடுத்த வீடு என்று நூற்றாண்டுக் கணக்கில் சனம் குடியிருந்த இடம், அங்கிருந்து ஆய்வுக்கு வருகிற மண்பாண்டத் துண்டுகளைப் பழைய பல் பிரஷால் கழுவி இலக்கம் எழுதுவதுதான் என் பாடு. அன்று வந்தது உடையாத ஒரு சாடி. ஒரு வீட்டின் தரைக்குக் கீழே இருந்ததாம். மண்ணை வழித்தால் உள்ளே சின்னச் சின்ன எலும்புகள். பிறந்தவுடன் இறந்த பிள்ளையை அந்தக் காலத்தில் இப்படித்தான் வீட்டுக்குள்ளேயே புதைப்பார்கள் என்று, கூட வேலை செய்யும் லீசா என்ற டேனிஷ் பெண் சொன்னாள்.

பின்னேரம் மூன்றரை, நல்ல வெயில். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வாய்ப் பழக்கத்தில் சாடியைப் பார்த்து, "போட்டு வாறன்" என்றேன். போய்விட்டு வருகிறேன் என்று எங்கிருந்து கிளம்பினாலும் நாங்கள் சொல்கிற சொல்தான். செத்த வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது, பேசாமல் இறங்கிவிட வேண்டும், எங்கள் சனத்தில் இது தெரியாதவர் இல்லை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"ஓம்" என்று ஒரு பிள்ளைக் குரல் கேட்டது.

நம்பினால் நம்புங்கள், பிரமை என்றுதான் நானும் நினைத்திருப்பேன், ஆனால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த லீசா திரும்பி, "எதைப் பற்றி?" என்று டேனிஷில் கேட்டாள். எங்களுக்கு 'ஓம்' என்றால் 'சரி', அவர்கள் மொழியில் 'பற்றி'. ஆக, அவளுக்கும் கேட்டிருக்கிறது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டில் வசந்தி வயிற்றைப் பிடித்தபடி இருந்தாள். "இஞ்சேருங்கோ, மூண்டரைக்குப் பிறகு பிள்ளை அசையவே இல்லை."

ஆஸ்பத்திரியில் துடிப்பைத் தேடினார்கள், திரும்பத் திரும்பத் தேடினார்கள். ஏழு மாதம். பெண் பிள்ளை.

ஒரு கிழமை கழித்து லீசா பூக்களோடு வீட்டுக்கு வந்தாள், வசந்தியைக் கட்டிப்பிடித்து அழுதாள். போகிற நேரத்தில், பாவம், ஒன்றும் தெரியாமல்தான் கேட்டாள்.

"அன்றைக்கு உன் போனில் ஒரு பிள்ளை பேசியதே, 'ஓம் அப்பா' என்று. எனக்கு 'ஓம்' விளங்கியது, மற்றது விளங்கவில்லை, அதனால்தான் எதைப் பற்றி என்று கேட்டேன். 'அப்பா' என்றால் என்ன?"

வசந்தி என்னைப் பார்த்தாள். அன்று போன் என் கையிலேயே இல்லை, ஜாக்கெட்டுக்குள் அணைத்து வைத்தபடி கிடந்தது. அதைக்கூட விட்டுவிடுங்கள். யாரோ ஒரு டேனிஷ்காரிக்குக் கேட்ட 'அப்பா', சாடிக்குப் பக்கத்திலேயே நின்ற எனக்கு ஏன் கேட்கவில்லை?