ஞாயிற்றுக்கிழமை பார்த்த பாடசாலை

சாதாரண தரப் பரீட்சையில் நற்பெறுபேறு பெற்ற எங்கள் மகள் யாழினி, அடுத்த இரண்டாண்டு உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவில் படிக்க விரும்பினாள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் எனக்கும் மனைவிக்கும் ஞாயிறு மட்டுமே ஓய்வு. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் நகரத்து அரசாங்கப் பாடசாலையொன்றைப் பார்க்கச் சென்றோம். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். மூன்று மாடிக் கட்டடத்தையும் புதிய ஆய்வுகூடத்தையும் கண்டு மயங்கி, அதுவே போதுமென்று முடிவுசெய்தோம்.

அன்று மாலை விண்ணப்பத்தில் கையொப்பமிட அமர்ந்தேன்.

"அப்பா, நாம கட்டடத்தத்தான பாத்தோம். படிச்சுக் குடுக்கிறத பாக்கலயே," என்றாள் மகள்.

"வேல நாள்ல போனா ஒரு நாள் பேரு போயிருமே, சம்பளம் கெடைக்காதே," என்றாள் மனைவி.

"உங்களுக்கு ஒரு நாள் பேருதாம்மா. எனக்கு ரெண்டு வருசம் போயிரும்."

மறுநாள் வேலைக்குச் செல்லாமல் மீண்டும் சென்றோம். கணித வகுப்பில் ஆசிரியர் இல்லை. அவர் இடமாற்றம் பெற்றுப் பல மாதங்களாகியும் வேறொருவர் வரவில்லை என்று மாணவர்கள் கூறினர். திரும்பும் வழியில் டிக்கோயாவில் ஒரு சிறிய பாடசாலைக்குள் நுழைந்தோம். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. அதனையும் மீறி, கணித ஆசிரியையின் குரல் வாசல்வரை கேட்டது. யாழினி இப்போது அங்கேதான் படிக்கிறாள்.

எங்கள் லயக் குடியிருப்பில் எவரேனும் பாடசாலை பார்க்கப் புறப்பட்டால், என்றைக்குப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.